தட்டுச் சத்தம்

லிஃப்ட்காரர் மனைவி சாக்குகளைத் தைத்து முடித்த அன்றைக்குத்தான் பக்கத்துப் பூசணித் தோட்டத்தில் பன்றி இறங்கியது. சாக்கு அந்தப் பூசணிகளுக்காகத்தான். அறுப்புக்கு இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோதான் பாக்கி இருந்தது. "நீங்க தச்சுக் குடுத்தா வாய் பிரியாதுக்கா" என்று பூசணிக்காரர் மனைவி கேட்டதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் புதர்க்காட்டுக்குக் குடிவந்த பிறகு, அவள் கைவேலை ஒன்றை இன்னொருவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. மெஷினை வாசலில் இழுத்துப் போட்டு, இரட்டைத் தையலாக ஓட்டி, ஒவ்வொன்றாக மடித்து, சுவரோரம் இடுப்புயரத்துக்கு அடுக்கினாள். அப்புறம் அந்த அடுக்கைத் தாண்டித்தான் தினமும் சமையலறைக்குப் போக வேண்டியிருந்தது.

லிஃப்ட்காரர் என்று பேர் வைத்ததும் பூசணிக்காரர்தான். நகரத்தில் இருந்தவரைக்கும் மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் அவர். வாழ்நாள் முழுக்க இருட்டுக் குழாய்க்குள் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்த மனுஷனுக்கு, வேலையை விட்டதும் கொஞ்சம் அகலமாக எதையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆசை வந்தால் அவருக்கு அப்புறம் காது கேட்காது. ஃப்ளாட்டை விற்றார். பள்ளத்தை ஒட்டி முள்ளும் புதரும் மண்டிக் கிடந்த மேட்டு நிலத்தை வாங்கி, நடுவில் தகரக் கூரை போட்டு ஒரு வீட்டைக் கட்டினார். "வயசான காலத்துல ஒரு காய்ச்சல் தலைவலின்னா யாரு ஓடி வருவா?" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ரெடிமேட் கடையின் பின்னறையில் பேண்ட் நுனி மடித்துத் தைத்தே கண் மங்கிப்போன மனைவி, மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தாள்.

வந்த வருஷம் அவர்கள் நட்டது எதுவும் உருப்படவில்லை. தக்காளி கருகியது. கோழிகளை ஒவ்வொன்றாக நரி கொண்டுபோனது. போட்ட ஆழ்குழாயில் புழுதிதான் வந்தது. பூசணிக்காரர்தான் ஒருநாள் தன் கிணற்றிலிருந்து நீளமாக ஒரு குழாயை இழுத்துவந்து இவர்கள் தொட்டியில் விட்டார். "குடிக்கிற தண்ணிய எப்படிண்ணே இல்லேங்கிறது?" என்று வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றையிலிருந்து இந்த வீட்டில் அடுப்பெரிவது அந்த வீட்டுத் தண்ணீரை நம்பித்தான்.

அந்த வீட்டில் மூன்று பேர். பூசணிக்காரர், அவர் மனைவி, அப்புறம் அவருடைய தம்பி. தம்பிக்குத் தூங்குமூஞ்சி என்று பேர். பாவம், அவன் ஒன்றும் அதிகம் தூங்குகிறவன் இல்லை. பிறக்கும்போதே மேலிமை இரண்டும் பாதிக் கண்ணுக்குத் தொங்கிக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். நின்றாலும் நடந்தாலும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் மாதிரியே இருப்பான். ஒருத்தரை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால், கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், அவனும் கூடச் சிரிப்பான். ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தோட்டக் காவல் ஒன்றுதான் அவனை நம்பி அண்ணன் விட்டிருந்த வேலை. ஆற்றுப் பக்கம் நாலு கம்பு நட்டு ஒரு பரண் கட்டி அதில் உட்கார்ந்திருப்பான். பன்றி வந்தால் ஆற்றுப் பக்கமிருந்துதான் வரும். பள்ளத்துப் பக்கம் லிஃப்ட்காரர் நிலத்து ஓரமாக ஆள் நுழைய முடியாத முள்புதர் சுவர் மாதிரி நின்றதால், அந்தப் பக்கம் யாரும் வேலிகூடப் போட்டதில்லை.

பன்றிக்குச் சோறு போட ஆரம்பித்தது பெரிய திட்டமெல்லாம் இல்லை. லிஃப்ட்காரர் மனைவி காய்த்தோலைக் கொல்லையில் கொட்டுவாள், காலையில் பார்த்தால் இருக்காது. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் புதருக்கு அடியில் நுழைந்து ஒரு தாய்ப்பன்றி வந்து நின்றது. பின்னால் கோடு போட்ட குட்டிகள். அந்த நேரம் பார்த்து மகள் வீட்டிலிருந்து வீடியோ கால். பேத்தி எப்போதும் "பாட்டி நல்லாருக்கியா, வைக்கட்டா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடுகிறவள். அன்றைக்குக் குட்டிகளைப் பார்த்து வீடே அதிரக் கத்தினாள். மறுநாள் அவளே கூப்பிட்டாள். அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். "காட்டுல போய் என்னத்தைக் கண்டீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த மகள்கூட, பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். இது போதாதா? அலுமினியத் தட்டில் கிழங்குத்தோலும் காய்ந்த ரொட்டியும் போட்டு, கரண்டியால் டங் டங் என்று தட்டினால் பன்றிகள் வந்துவிடும் என்று ஆனது. புதருக்கு அடியில் நுழைந்து வருவது வீடியோவில் சரியாகத் தெரியவில்லை என்று பேத்தி சிணுங்கினாள். லிஃப்ட்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், முள்புதரை வாசற்கதவு அகலத்துக்கு வெட்டிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் இருந்ததால் அந்த இடைவெளி வேறு யார் கண்ணிலும் படவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் இதைச் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்றால் காரணம் ஒன்றும் பெரிதாகக் கிடையாது. பன்றியைத் திட்டாமல் பூசணிக்காரர் ஒருநாளும் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவரிடம் போய், நாங்கள் அதற்குத் தட்டு வைக்கிறோம் என்று எப்படிச் சொல்வது?

சாக்கு தைத்து முடித்த அன்றைக்கு வீட்டில் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பாதை சேறாகிக் காய்கறி வண்டி வந்து நாலைந்து நாளாகியிருந்தது. இருந்த கிழங்கைத் தோலோடு வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். பேத்தி கூப்பிட்டாள். பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரை வேறு பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். "பாட்டி, தட்டு பாட்டி, ப்ளீஸ்." பாட்டி காலித் தட்டைத் தட்டினாள். பன்றிகள் வந்தன. தட்டை முகர்ந்தன, மண்ணைக் கிளறின, தாய்ப்பன்றி தலையைத் தூக்கி இவளையே பார்த்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இவள் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

விடிந்ததும் பூசணிக்காரர் மனைவி போட்ட கூச்சல் கேட்டு இரண்டு பேரும் ஓடினார்கள். தோட்டம் இருந்த இருப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. பன்றி ஒரு காயை முழுசாகத் தின்றிருந்தாலாவது மனசு ஆறும். ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தது. காய்க்கு அடியில் ஈரம் படாமல் அவர்கள் பரப்பியிருந்த வைக்கோலும், பிடுங்கிப் போட்ட கொடியும், மஞ்சள் சதையும் சேற்றில் ஒன்றாக மிதிபட்டுக் கிடந்தன. தடம் எதையும் மழை விட்டுவைக்கவில்லை. பூசணிக்காரர் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி சேறு சொட்டச் சொட்டக் கையில் கம்போடு நின்றான்.

"தூங்கிட்டான். வேற என்ன?" என்றார் பூசணிக்காரர், யாரையும் பார்க்காமல்.

"தூங்கலண்ணே. சத்தியமாத் தூங்கல. ஆத்துப் பக்கமே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தப் பக்கமிருந்து ஒண்ணுமே வரல."

"அப்ப வானத்திலிருந்து குதிச்சுதா?"

"பின்னாடியிருந்து வந்துச்சு. முதல்ல தட்டுச் சத்தம் கேட்டுச்சு. டங்கு டங்குன்னு, யாரோ சாப்பிடக் கூப்பிடற மாதிரி. அப்புறம் கொஞ்ச நேரத்துல என் முதுகுக்குப் பின்னால சலசலன்னுச்சு. கத்துனது மழையில உங்களுக்குக் கேக்கல, நான் ஓடி வர்றதுக்குள்ள பாதித் தோட்டம் போயிடுச்சு. என் ஒருத்தனால எத்தனையத்தான் விரட்டறது?"

"கேட்டுக்கிட்டீங்களாண்ணே?" பூசணிக்காரர் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "பன்னிக்கு யாரோ தட்டு வச்சுப் பந்தி போட்டாங்களாம். ஐயா அதைக் கேட்டாராம்."

அழுதுகொண்டிருந்த அவர் மனைவிக்கே அதில் சிரிப்பு வந்துவிட்டது. "கனவுலயும் இவனுக்குச் சோறுதான் வருது!" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். லிஃப்ட்காரர் சிரித்தார். பார்த்தால் அவர் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படிச் சிரித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் தானாகத் திறந்து, பல் தெரிந்து, சத்தமும் வந்துவிட்டது. தூங்குமூஞ்சி மட்டும் சிரிக்கவில்லை. கையெல்லாம் சேறாக இருந்ததால் இமையைத் தூக்கவும் முடியாமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே போய்த் தட்டைக் கழுவினாள். கழுவ வேண்டிய அவசியமே இல்லை, அது காலித் தட்டுதான். ஆனாலும் தேய்தேய் என்று தேய்த்தாள்.

"சொல்லிடலாங்க" என்றாள்.

"என்னன்னு சொல்லுவ?"

"உள்ளதைச் சொல்றது. நாமதான் பன்னிய இழுத்துவிட்டோம்னு."

லிஃப்ட்காரர் செருப்புச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே இருந்தார். "இங்க பாரு. நமக்கு இனி வேற போக்கிடம் கிடையாது. ஃப்ளாட்டையும் வித்தாச்சு. மக வீட்டுக்குப் போய் நிக்க முடியுமா? இங்க அக்கம்பக்கம்னு இருக்கறதே அவங்க ஒருத்தர்தான்."

"தண்ணிய நிறுத்திடுவாருன்னு பயமா?"

"நிறுத்த மாட்டாரு" என்றார் அவர். "அதான் எனக்குப் பயமே. அதுக்கப்புறமும் தண்ணி வரும். நான் அதைத்தான் குடிக்கணும்."

மறுநாள் பூசணிக்காரர் ஆற்றுப் பக்க வேலியைப் பலப்படுத்த ஆரம்பித்தார். லிஃப்ட்காரர் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு உதவிக்குப் போனார். பன்றி வராத பக்கத்தில் இரண்டு பேருமாகக் குழி தோண்டி, கம்பு நட்டு, கம்பியை முறுக்கிக்கொண்டிருந்ததை அவள் வாசலிலிருந்து பார்த்தாள். கம்பியை முறுக்குவதில் தன் புருஷனை மிஞ்ச ஆள் கிடையாது. கயிறும் கம்பியுமாகவே காலம் தள்ளினவர். இருட்டும்வரை வேலை செய்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்து வந்து நின்றார். பூசணிக்காரர் தன் கையால் அதற்கு எண்ணெய் தடவி, துணி கட்டி விட்டாராம். "நீங்க இல்லேன்னா நான் என்னண்ணே பண்ணியிருப்பேன்" என்றாராம். அதைச் சொல்லும்போது லிஃப்ட்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் தட்டை அதற்கப்புறம் தொடவில்லை. பன்றிகள் மட்டும் பொழுது சாய்ந்தால் வந்து இடைவெளியில் நின்றன. அவர் கல்லெறிந்து விரட்டினார். பேத்தி கூப்பிட்டால், மழை, வெளியே போக முடியாது என்று சொல்லி வைத்தார்கள். குழந்தையிடமும் பொய்.

அப்புறம் ஒரு காலையில் பூசணிக்காரர் மனைவி வந்தாள். கையில் பாதிப் பூசணி இருந்தது. கடிபட்ட பக்கத்தை நறுவிசாக வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பக்கத்தை மட்டும் கொண்டுவந்திருந்தாள்.

"வேகவச்சுச் சாப்பிடுங்கக்கா. நல்ல இனிப்பு. சும்மா அழுகிப் போறதுக்கு நாலு வாய்க்காவது ஆகட்டும்." சுவரோரம் பார்த்தாள். "சாக்கெல்லாம் தச்சே வச்சுட்டீங்களா? ஐயோ, உங்க உழைப்பும் வீணாப்போச்சே."

"அது கிடக்கட்டும்மா. உட்காரு. டீ போடறேன்."

"வேண்டாங்க்கா. ஒரு உதவி கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நாளைக்குச் சாயங்காலம் உங்க வண்டியில என் கொழுந்தனை மெயின் ரோட்டுல கொண்டுபோய் விடணும். பஸ்ஸுக்கு."

"எங்க போறாரு?"

"கல்லுடைக்கிற இடத்துக்கு. இவருக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. காவலுக்குன்னுதான் கேட்டுப் பார்த்தோம். தூங்கிட்டுத் தோட்டத்தை விட்ட ஆளு காவலுக்கு எதுக்குன்னுட்டாங்க. கல்லு சுமக்கத்தான் ஆள் வேணுமாம்." அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஆசையாக்கா? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கூடவே இருக்கறவன். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இவரு கேக்கல. தோட்டம் போனதுகூடப் பரவாயில்ல, நான் தூங்கலன்னு இன்னைக்கு வரைக்கும் சாதிக்கறான் பாரு, அதைத்தான் என்னால பொறுக்க முடியலங்கிறாரு. ஆமாண்ணே, கண்ணசந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா எல்லாம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். சொல்ல மாட்டேங்கிறான். தட்டு, தட்டுன்னு அதையே பிடிச்சுக்கிட்டிருக்கான்."

இதோ இப்போது சொல்லிவிட வேண்டும் என்று லிஃப்ட்காரர் மனைவி நினைத்தாள். ஆனால் "வண்டிதானே, அவரு கொண்டுபோய் விடுவாரு" என்றுதான் வாயிலிருந்து வந்தது. பூசணிக்காரர் மனைவி அவள் கையைப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். இவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பாதிப் பூசணியை என்ன செய்வதென்று தெரியாமல் அன்று முழுக்க அதை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் அதை வேகவைத்தார்கள், தின்றார்கள். பூசணிக்காரர் மனைவி சொன்ன மாதிரியே நல்ல இனிப்பு. லிஃப்ட்காரர் இரண்டாவது தடவை வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் வந்தார்கள். தூங்குமூஞ்சி தலைக்கு எண்ணெய் தடவி, படிய வாரி, அண்ணனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். அது தோளில் தொளதொளத்தது. துணிகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார்கள். எந்தச் சாக்கு என்று தையலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாதிரிக்கென்று முதலில் தைத்துக் கொடுத்தாளே, அது.

"வண்டிய எடுத்துடலாமா?" என்றார் லிஃப்ட்காரர், சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே.

"டீ குடிச்சிட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

டீ கொடுத்தாள். பூசணிக்காரர் தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்வது போலப் போய், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். "சொல்றதைக் கேட்டு ஒழுங்கா இரு" என்றார். "சரிண்ணே" என்றான் தம்பி. "ராத்திரியில தலைக்குத் துண்டு கட்டிக்கிட்டுப் படு." "சரிண்ணே." "இப்பவாவது உள்ளதைச் சொல்லுடா. தூங்கிட்டேன்னு சொல்லு. நான் பஸ் ஏத்தல."

தூங்குமூஞ்சி டீக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். "தூங்கலண்ணே" என்றான்.

பூசணிக்காரர் எழுந்துவிட்டார். "எடுங்கண்ணே வண்டிய."

அந்த நேரத்தில் லிஃப்ட்காரர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கட் பண்ணினார். திரும்பவும் அடித்தது. பேத்தி ஒரு தடவை தொடங்கினால் விடுகிறவள் இல்லை.

லிஃப்ட்காரர் மனைவி கையை நீட்டினாள். "குடுங்க."

"அப்புறம் பேசிக்கலாம்."

"குடுங்க சொல்றேன்."

போனை வாங்கிக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் பின்பக்கம் வாங்க" என்றாள். போகிற போக்கில் சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். தட்டைப் பார்த்ததும் லிஃப்ட்காரர் முகம் செத்துப்போனது. "ஏய், வேண்டாம்" என்றார் மெதுவாக. அவள் நிற்கவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் எப்போதும் போலப் போனைச் சாய்த்து வைத்தாள். "பாட்டி! மழை விட்டுடுச்சா? பன்னி காட்டு பாட்டி!" என்றது குழந்தை.

பேச்சாகச் சொல்ல அவளுக்கு வாய் இல்லை. தட்டைத் தூக்கிப் பிடித்துத் தட்டினாள். டங், டங், டங்.

அவள் கரண்டியை இறக்குவதற்குள் புதர் அசைந்தது. வெட்டிவிட்ட இடைவெளி வழியாகத் தாய்ப்பன்றி வந்தது, அதன் பின்னால் குட்டிகள் வரிசையாக வந்தன. இத்தனை பேரைப் பார்த்தும் அவை மிரளவில்லை. பழக்கப்பட்ட வீட்டுக்கு வருவது போல நேராக வந்து, அவள் காலடியில் நின்று, மூக்கைத் தூக்கின. போனில் குழந்தை கைதட்டிக் கத்தியது. "வந்துடுச்சு! பாட்டி, எல்லாம் வந்துடுச்சு!"

பூசணிக்காரர் பன்றியைப் பார்த்தார். முள்புதரில் வாசல் போல வெட்டிவிட்டிருந்த இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து தன் தோட்டம் வரைக்கும் தடையில்லாமல் கிடந்த நிலத்தைப் பார்த்தார். லிஃப்ட்காரரின் கட்டுப்போட்ட கையையும் ஒரு தடவை பார்த்தார். ஏசியிருந்தால், கரண்டியைப் பிடுங்கி இரண்டு வைத்திருந்தால்கூடத் தேவலை. வாசலுக்குப் போய், தம்பியின் துணிச்சாக்கை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிப் பக்கம் திரும்பாமல் தன் வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் மனைவி ஆறிப்போன டீயைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா" என்று ஏதோ ஆரம்பித்தாள். முடிக்காமல் அவர் பின்னாலேயே போனாள்.

தூங்குமூஞ்சி மட்டும் அங்கேயே நின்றான்.

"இந்தச் சத்தம்தான்" என்றான். சந்தோஷமாகச் சொன்ன மாதிரியும் இல்லை, கோபமாகச் சொன்ன மாதிரியும் இல்லை.

"ஆமாப்பா" என்றாள் அவள். "அன்னைக்குத் தட்டுல ஒண்ணுமே இல்ல. வெறும் தட்டைத் தட்டிக் கூப்பிட்டேன். பசியோட உங்க பக்கம் வந்துடுச்சு. நீ தூங்கல."

"நான் தூங்கலன்னு எனக்குத் தெரியும்க்கா."

அவள் தலை தானாகக் குனிந்தது. குட்டி ஒன்று தட்டின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. அவளிடம் அன்றைக்கும் கொடுக்க ஒன்றும் இல்லை.

"ஆனா ஒண்ணுக்கா" என்றான் அவன். "அன்னைக்குக் காலையில, நான் தட்டுச் சத்தம்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்களே. கையில சேறு அப்பியிருந்துச்சா, எனக்குச் சரியாத் தெரியல. நீங்களுமா சிரிச்சீங்க?"

"யாரு பாட்டி அது? யாரு பேசறாங்க?" என்றது போன்.

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"சிரிச்சேன்" என்றாள்.

தூங்குமூஞ்சி கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். இரண்டு கையாலும் இமைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தை முழுசாகப் பார்த்தான்.